அரிய சொல்லா, அறிந்த சொல்லா?

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் உண்டு. நாள்தோறும் ஐந்து அரிய ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு அதில் எழுதி மனப்பாடம் செய்கிறோம். 'மேக்னானிமஸ்', 'யுபிக்விட்டஸ்', 'பெர்ஸ்பிகேஷியஸ்' என்று சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருமை எங்களுக்கு! கட்டுரையில் அவற்றை நுழைக்காவிட்டால் தூக்கம் வராது. ஒருமுறை பசுவும் 'மேக்னானிமஸ்' ஆகிவிட்டது. பசு பெருந்தன்மை உடையதுதான். ஆயினும் ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார்.

இதற்கிடையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டுக்கு வங்கியிலிருந்து நகைக் கடன் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அவள் அப்பா அதிகம் படிக்காதவர். "நீதான் கான்வென்டில் படிக்கிறாயே, என்னவென்று பார்த்துச் சொல்லம்மா" என்று நீட்டினார். தொகைக்கு முன்னால் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று இருந்தது. பரிசளிப்பு விழாவில் தலைசிறந்த மாணவிக்குச் சூட்டும் பட்டம் அல்லவா அது! நல்ல செய்திதான் என்று சொல்லிவிட்டாள். அது இன்னும் கட்டாமல் நிற்கும் பாக்கி என்றும், குறித்த தேதிக்குள் 'ரிடீம்' செய்யாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும் என்றும் பக்கத்து வீட்டு மாமா சொல்லித்தான் தெரிந்தது. நல்லவேளை, நான்கு நாட்கள் மீதமிருந்தன. அம்மாவின் சங்கிலி தப்பியது.

மறுநாள் அவள் இதைச் சொன்னபோது எங்களில் எவரும் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அந்தப் பொருள் தெரியாதே! 'ரிடீமர்' என்றால் மீட்பர் என்று மறைக்கல்வி வகுப்பில் சிறுவயது முதல் படித்திருக்கிறோம். நகையை மீட்பதற்கும் அதே சொல்தான் என்று தோன்றவில்லை. அதன் லத்தீன் வேருக்கு, விலை கொடுத்துத் திரும்ப வாங்குதல் என்றே பொருள். தமிழிலும் 'மீட்பு' இரண்டுக்கும் பொருந்துகிறது பாருங்கள்!

ஆகவே தோழியரே, அறியாத நீண்ட சொல்லைவிட, அறிந்த சொல்லின் அறியாத பொருளைத் தேடுவதே மேலான சொல்வளம் என்பது எங்கள் கருத்து. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் எது தெரியுமா? மூன்றே எழுத்துள்ள 'செட்'! அதற்கு 400க்கும் மேற்பட்ட பொருள்கள். நாங்களோ கணக்குப் பாடத்தில் வரும் 'கணம்' என்பதோடு அதை விட்டுவிட்டோம்.

பட்டியலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போட்டித் தேர்வுகளுக்கு அதுவும் உதவும். ஆனால் நாளைக்கு ஐந்து சொல் எதற்கு? ஒன்று போதும். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாமல் கடைசிப் பொருள் வரை படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதலாம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், காப்பீட்டுப் படிவம், வங்கிக் கடிதம் ஆகியவற்றையும் ஆங்கில வகுப்பில் படிக்க ஆசிரியைகள் இடம் தரவேண்டும். பெற்றோர் எங்களிடம் நீட்டுவது அவற்றைத்தான். பசுவைப் பற்றிய கட்டுரையை அல்ல.

இந்த வாரம் எங்கள் நோட்டில் இருக்கும் சொல் 'இன்ட்ரஸ்ட்'. 'ஆர்வம்' என்று எழுதி எப்போதோ மூடி வைத்திருந்தோம். அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரியில் அதற்குப் பொருள் வட்டி.