மலைப்பாதையில் டிரெய்லர்: குதிரைத் திறன் மட்டும் போதுமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் பாதை 1899-ல் திறக்கப்பட்டது. பல்சக்கரம் பூட்டிய அந்த மலை ரயிலில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும். இறங்கும்போது அவற்றைத் தாங்கும். மலையில் இழுப்பதைப் போலவே தாங்குவதும் முக்கியம் என்பதை அன்றே உணர்ந்து செய்த ஏற்பாடு இது. இன்று டிரெய்லர் இழுக்க டிராக்டரோ பிக்கப் வண்டியோ வாங்கும் மலை விவசாயிகள் பலர் இதை மறந்துவிடுகின்றனர். கடைக்குள் நுழைந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" என்பதே. கடன் வாங்கியாவது பெரிய இன்ஜினை எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது சரியல்ல.

கணக்கு என்ன சொல்கிறது?

வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 4 டன் என்று வைத்துக்கொள்வோம். 12 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் இதை மேலே கொண்டுபோகச் சுமார் 330 கிலோ இழுவிசை வேண்டும். சக்கரம் உருள்வதற்கு மேலும் 80 கிலோ. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற 23 குதிரைத் திறன் போதும். கியரிலும் ஆக்சிலிலும் வீணாவதைச் சேர்த்தால் 27 ஆகும். அதே ஏற்றத்தில் 30 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் 50-க்கு மேல் தேவைப்படும். ஆக, பெரிய இன்ஜினுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி வேகத்துக்கான விலைதான். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் அந்த வேகத்தை எங்கே ஓட்டுவது?

உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் உதகை போன்ற 2,200 மீட்டர் உயரத்தில் தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சமவெளியில் 50 குதிரைத் திறன் காட்டும் இன்ஜின் அங்கே 40 போலத்தான் உழைக்கும். டர்போ பொருத்திய டீசல் இன்ஜினில் இந்த இழப்பு வெகு குறைவு. எனவே உயர்ந்த மலையில் உள்ளவர்கள் டர்போவைக் கேட்டு வாங்குவது நியாயமே.

அடுத்துக் கேட்க வேண்டியது, டார்க் எனப்படும் முறுக்கு விசை எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பது. வளைவில் வேகம் குறைந்து, பாரத்தோடு மறுபடி கிளம்பும்போது கைகொடுப்பது இதுதான். குறைந்த சுற்றிலேயே முழு முறுக்கு விசை தரும் இன்ஜினும், நல்ல தாழ்ந்த முதல் கியரும் உள்ள வண்டி, அதிகக் குதிரைத் திறனை உச்ச சுற்றில் மட்டும் காட்டும் வண்டியைவிட மலைக்கு ஏற்றது. கிளட்சும் நீடித்து உழைக்கும்.

இறக்கமே பெரிய சோதனை

நீலகிரி விவசாயியின் காரட்டும் உருளைக்கிழங்கும் கீழே போகும் சரக்கு. அதாவது பாரம் ஏற்றிய நடை பெரும்பாலும் இறக்கத்தில்தான். 4 டன் எடை உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியில், சக்கரத் தடையும் காற்றுத் தடையும் போக மிஞ்சுவது, 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதை இன்ஜின் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் பழுக்கக் காயும், பிடிப்பு மங்கும். ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்தால், மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது.

ஆகவே இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். டீசல் மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை நிறுத்தி உருட்டுவதும் உயிரோடு விளையாடுவதாகும். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் நின்றுபோகும்.

டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்

பிரேக் இல்லாத டிரெய்லர் மலைப்பாதையில் ஓடவே கூடாது. முன் வண்டியை நிறுத்தினாலும் பின்னாலுள்ள பாரம் நிற்பதில்லை. வளைவில் அது முன் வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். டிராக்டர் ஓட்டுபவர்கள் சாலைக்கு வந்ததும் இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரைத் தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின் ஆக்சிலுக்கு மேலே மாட்டினால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கி, டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும்.

"பெரிய இன்ஜின் இருந்தால் இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் கொண்டுபோகலாமே" என்று சிலர் வாதிடுகின்றனர். கூலியும் டீசலும் விற்கும் விலையில் இந்த ஆசை இயல்பானதே. ஆனால் இன்ஜின் பெரிதானதால் பிரேக்கும் டயரும் ஸ்பிரிங்கும் பெரிதாகிவிடுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கண்ட எடையே வரம்பு. அதைத் தாண்டி ஏற்றியபின் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் வரும். இரண்டாவது நடையின் செலவு கையைக் கடித்தால், பக்கத்துத் தோட்டக்காரருடன் பங்கு போட்டுக்கொள்வதே வழி.

சிறு விவசாயிக்கு ஏற்றது நடுத்தர இன்ஜினே. அதில் மிச்சமாகும் பணத்தை டிரெய்லர் பிரேக்குக்கும் நல்ல டயருக்கும் செலவிடட்டும். விற்பனையாளர்கள் வெறும் வண்டியை ஊருக்குள் ஓட்டிக் காட்டுவதை விட்டு, பாரம் ஏற்றி மலையில் ஏற்றி இறக்கிக் காட்ட வேண்டும். விவசாயிகளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கிகள், பிரேக் உள்ள டிரெய்லருக்கே கடன் என்று விதி செய்தால் பெரும் நன்மை விளையும்.

மேலே ஏற முடியாத வண்டி வழியில் நின்றுபோகும். நாள் ஒன்று வீணாகும், அவ்வளவே. இறக்கத்தில் நிற்க முடியாத வண்டியோ குடும்பத்தையே நிர்க்கதியாக்கிவிடும். வாங்குமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.