பாவனையும் பரீக்ஷையும்

ஓடும் வண்டியிலிருந்து வைத்தியரை அழைப்பவனுடைய குரல் நடுவில் அற்றுப்போனால், கோபுரம் தூரம் என்று சொல்வது வழக்கம். பல சமயங்களில் காரணம் அதுவன்று. கோபுரத்தினின்று புறப்படும் ரேடியோ அலை வீடுகளிலும் மரங்களிலும் மோதிப் பல வழியாய்க் கைத்தொலைபேசியை வந்தடைகிறது. அவ்வலைகள் ஓரிடத்தில் ஒன்றுக்கொன்று துணை செய்யும். சற்றுத் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். ஆதலால் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே பலம் ஏறி இறங்கிவிடும். நேர்வழி அலை கிட்டாத இடத்தில், சராசரிப் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே அது வீழ்ந்து கிடக்கும் நேரம் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து என்பது ராலே கணக்கு.

தெருவில் ஒரே நிலைமை இருமுறை வாய்ப்பதில்லை. ஆகவே கருவி செய்வோர் இம்மங்கலைக் கணினிக்குள் மென்பொருளாய்ப் பாவனை செய்து பரீக்ஷிக்கிறார்கள். இது அவசியமான உபாயமே. ஆனால் பாவனையை யார் பரீக்ஷிப்பது?

1968-ல் கிளார்க் என்பவர் வகுத்த கொள்கையைத் தழுவி, பெல் ஆராய்ச்சிக்கூடத்து வில்லியம் ஜேக்ஸ் 1974-ல் வெளியான தமது நூலில் ஓர் எளிய முறையைத் தந்தார். எட்டு அலையாக்கிகளும் துணைக்கு ஒன்றுமாகக் கொண்டு 34 அலைகளின் வேலையை வாங்கலாம். கணக்குச் சுருங்கியதால் உலகமெங்கும் அது பரவிற்று. 2001-ல் போப், போலியூ என்னும் இருவர் அதன் குறையை வெளிப்படுத்தினர். அலைகளின் கட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டமையால், பாவனையின் புள்ளிவிவரக் குணங்கள் காலத்தோடு மாறுகின்றன. மூலக் கொள்கையிலோ அவை மாறாதவை. ஒவ்வோர் அலைக்கும் துவக்கக் கட்டத்தைத் தற்செயலாய் அமைத்தால் அக்குற்றம் நீங்கும் என்றும் அவர்கள் காட்டினார்கள்.

ஜேக்ஸை நாம் குறை கூறவில்லை. அக்காலத்துக் கருவிகளுக்கு அவர் செய்தது பேருதவி. பெரியவர் சொன்னார் என்பதற்காகச் சோதியாமல் எடுத்தாளும் வழக்கத்தையே கண்டிக்கிறோம். பாவனை பிசகினால், அதில் தேறிய கருவி தெருவில் தவறும், நஷ்டம் பேசுகிறவனுக்கே.

நமது தொழிற்கலாசாலைகளில் ஆயத்தமாய்க் கிடைக்கும் மென்பொருளை இயக்கக் கற்பிப்பது மட்டும் போதாது. அது தரும் சராசரியையும், ஒரு கணத்துக்கும் மறுகணத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் மாணாக்கர் கொள்கையோடு ஒப்பிட வேண்டும். பின்பு கொள்கையையும் நமது கடைவீதியிலும் வயல்வெளியிலும் அளந்து பார்க்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதை நம்மவர்க்கு நாம் எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?