நானோகுழாய்க்கு ஒரு லாப நஷ்டக் கணக்கு

பி.காம் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரியில் என்ன வேலை என்று கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்பது கெமிஸ்ட்ரி அல்ல, செலவுக் கணக்கு :-)

1991-இல் ஜப்பானின் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி எழுதினார். 2002-இல் சீன ஆய்வாளர்கள் அது தண்ணீரில் இருக்கும் ஈயத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு காட்மியம், தாமிரம், நிக்கல், குரோமியம் என்று கட்டுரைகள் குவிந்துவிட்டன. இனி ஆறுகளைச் சுத்தம் செய்ய நானோகுழாய் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. சரி, பில் யார் கட்டுவது?

முதல் ஓட்டை: நானோகுழாயை அப்படியே போட்டால் உலோக அயனி பெரிதாக ஒட்டாது. நைட்ரிக் அமிலம் போன்ற ஒன்றில் காய்ச்சி, மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதிகளை உண்டாக்க வேண்டும். ஆக, தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளைத் தயாரிக்கவே அமிலக் கழிவு! இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இரண்டாவது: ஒரு கிராம் குழாய் இத்தனை மில்லிகிராம் பிடித்தது என்ற கணக்கு பெரும்பாலும் சுத்தமான நீரில் ஒரே ஒரு உப்பைக் கரைத்து எடுத்தது. நிஜக் கழிவுநீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

மூன்றாவது: பிடிபட்ட உலோகம் மாயமாகிவிடாது. மறுபடி அமிலத்தில் கழுவ வேண்டும், அல்லது குழாயோடு சேர்த்துப் புதைக்க வேண்டும். குழாயும் பரம சாது அல்ல. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒரு வகைப் பலசுவர் நானோகுழாயை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் நானோகுழாயே வேண்டாமா? வேண்டும், ஆய்வுக்கூடத்தில். கருவிக்குச் சிக்காத அளவு கொஞ்சமாக இருக்கும் ஈயத்தை அளக்க, தண்ணீரைச் சின்னக் குழாய்ப்படுகை வழியாக விட்டு, பிடிபட்டதைச் சில மில்லிலிட்டர் அமிலத்தில் இறக்கி அளக்கிறார்கள். சிட்டிகைப் பொருள் போதும், திரும்பவும் பயன்படும். அது நல்ல முதலீடு. ஆற்றை அளக்கும் கருவியை ஆற்றைக் கழுவும் கருவி என்று விற்பதுதான் மோசடி.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. 2006-இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியல் ஒன்றில் அந்த ஊரும் வந்தது. ஆறு இணைதிறன் குரோமியத்தை இரும்பு சல்பேட்டால் ஒடுக்கி, சுண்ணாம்பு போட்டு வீழ்படிவாக்கும் முறை பழையது, மலிவானது. ஆக, அங்கே இல்லாமல் போனது புதுப் பொருள் அல்ல, செலவு செய்யும் ஆள். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

வங்கதேசத்தில் ஆர்சனிக்குக்கு அபுல் ஹுசாம் செய்த சோனோ வடிகட்டியில் இருப்பது இரும்புத் துருவல், மணல், கரி, செங்கல் சில்லு. 2007-இல் அதற்குப் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. கிராமத்து வீட்டில் வைக்கக்கூடிய பொருள், அவ்வளவுதான்.

கெமிஸ்ட்ரி நண்பர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் வரும்போது ஆயிரம் லிட்டருக்கு எத்தனை ரூபாய் என்ற ஒரு நம்பரோடு வாருங்கள்.