கறுப்பு பிழை அல்ல

ஏப்ரல் 14க்காக எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகள், அம்பேத்கர் படத்தோடு தங்கள் முகங்களையும் சேர்த்துக் கைப்பேசியில் சுவரொட்டி செய்தார்கள். 'பியூட்டி' ஃபில்டரைத் தொட்டதும் எல்லா முகமும் வெளுத்துவிட்டது. "அக்கா, இதுதான் நல்லா இருக்கு" என்றாள் ஒருத்தி. சுருக்கென்றது.

கருவிகள் நடுநிலையானவை அல்ல. வெள்ளைப் பெண்ணின் படமுள்ள 'ஷெர்லி' அட்டையை வைத்தே கோடாக் பல பத்தாண்டுகள் நிறத்தைச் சரிபார்க்க வைத்தது. பல்வேறு தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டும் 'ரியல் டோன்' கூகுள் கைப்பேசிக்கு வந்தது 2021இல்தான்.

ஃபில்டரை நீக்கினோம். நிழல் விழுந்த இடங்களில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினோம். பறைத்தோலைப் படமெடுத்துப் பின்னணியாக்கினோம். அதே பெண் தன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தோழர்களே, மென்பொருளை நோண்டிப் பாருங்கள். ஆனால், முதலில் 'ஆட்டோ'வை அணையுங்கள். நம் நிறம் திருத்த வேண்டிய பிழை அல்ல.