வெள்ளெழுத்தும் லேசர்ச் சிகிச்சையும்

ஏட்டைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கும் பெரியோரை நாம் நாடோறுங் காண்கின்றோம். நாற்பது வயதையடுத்துக் கண்ணினுள்ளிருக்கும் வில்லை நெகிழ்ச்சி குன்றி இறுகுதலின், அணித்துள்ள எழுத்து மங்குகின்றது. இதனை வெள்ளெழுத்தென வழங்குவர். நூலே துணையாகக் கொண்ட நமக்கும் இஃது ஒருநாள் வந்தே தீரும்.

சென்னையிற் பிறந்த சீனிவாசனாரும் உடனாய்ந்தோரும் 1981-ஆம் ஆண்டில், எக்ஸைமர் லேசர் உயிர்த்தசையைக் கருக்காது செதுக்கவல்லதெனக் கண்டனர். அதுகொண்டு கருவிழியின் முகப்பைத் திருத்தி, ஒரு கண்ணைச் சேய்மைக்கும் மற்றதை அண்மைக்கும் இன்று அமைக்கின்றனர். எனினும், இறுகிய வில்லை இதனால் இளகுவதன்று. ஆண்டு ஏற ஏறக் குறையும் வளரும். இருகண்ணும் ஒருங்கு நோக்கித் தொலைவளக்கும் திறனும் ஓரளவு குன்றும். செதுக்கிய படலமோ மீண்டும் வளராது.

ஆதலின், சிகிச்சை விழைவோர் முதற்கண் காண்டாக்ட் லென்ஸ் அணிந்து அவ்வமைப்பிற் சின்னாள் பழகிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வாதாயின், படிப்புக் கண்ணாடியே சாலும். கண்ணாடி யணிதலை முதுமையின் இழுக்கெனக் கருதிச் சிகிச்சைக்கு விரைதல் நன்றன்று என்பதே எம் துணிபு.