கம்பிக்குக் கீழே வளரட்டும்

நம் நாட்டில் 400 கிலோவோல்ட் மின்பாதை காட்டைக் கடக்கும்போது 46 மீட்டர் அகலப் பட்டை ஒன்று அதற்காக ஒதுக்கப்படுகிறது. அதில் உயர்ந்த மரங்கள் நிற்கக்கூடாது. கிளை கம்பியை நெருங்கினால் மின்தடையும் தீயும் நேரலாம். ஆனால் அவற்றோடு சேர்த்து வழிக்கப்படும் புல்லும் புதரும் என்ன பாவம் செய்தன?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மின்பாதையில் தெளிக்கப்படும் களைக்கொல்லி விலங்குகளின் உணவை அழித்துவிடுமோ என்று வேட்டைக்காரர்கள் கவலைப்பட்டனர். அதனால் 1953இல் ஆய்வாளர்கள் பிராம்பிள், பைர்ன்ஸ் ஆகியோர் தொடங்கிய ஆய்வு பல பத்தாண்டுகள் நீண்டது. மரக்கன்றுகளை மட்டும் தேர்ந்து நீக்கி, குட்டைச் செடிகளை விட்டுவைத்தார்கள். அவை அடர்ந்து வெயிலையும் வேரிடத்தையும் பிடித்துக்கொண்டன; புதிய மரக்கன்றுகள் தலையெடுப்பது குறைந்தது. பராமரிப்பு வேலையைச் செடிகளே பகிர்ந்துகொண்டன! மேரிலாந்தில் இவ்வாறு விடப்பட்ட பட்டைகளில், வெட்டிப் பேணும் புல்வெளிகளைவிட வளமான தேனீக் கூட்டம் வாழ்வதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் நாட்டு வன வழிகாட்டுதல்களும் கம்பிக்குக் கீழே குட்டை மரங்களையும் மூலிகைகளையும் வளர்க்கச் சொல்கின்றன. தரையோடு வழித்த நிலத்திலோ முதலில் நுழைவது உண்ணிச்செடியும் பார்த்தீனியமும்தான். பிறகு அவற்றை அகற்றத் தனியாகச் செலவு.

வனத்துறையும் மின்தொடரமைப்புக் கழகமும் பராமரிப்பு ஒப்பந்தங்களைத் திருத்த வேண்டும். எதை வெட்டுவது என்பதோடு, வறண்ட காடுகளில் ஆவாரை, களா, காரை, சூரை போன்று எவற்றைத் தொடக்கூடாது என்ற பட்டியலும் அவற்றில் இடம்பெற வேண்டும். அரிவாள் பிடிக்கும் தொழிலாளர்களுக்கு அச்செடிகளை இனங்காணும் பயிற்சியும் வேண்டும்.