மகளின் கடிதத்திலும் கையெழுத்திடுவோம்

கோடை பிறந்ததும் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவிலிருந்து எம்மவர் நான்கைந்து குடும்பங்களாக வான்களில் ஏறி, வசாகாவுக்கோ சான்ட்பாங்ஸுக்கோ புறப்படுகின்றனர். இறைச்சியும் அடுப்பும் புட்டும் சம்பலும் உடன் செல்கின்றன. நல்ல வழக்கந்தான். வாரமெல்லாம் தொழிற்சாலையில் நின்றவர்கள் ஒரு நாளேனும் மரநிழலில் இருக்க வேண்டாமா?

என் கவலை நீரைப் பற்றியது.

எம் மனத்தில் பதிந்த கடற்கரை காரைநகர்க் கசூரினா. அங்கே நெடுந்தூரம் நடந்து சென்றாலும் ஆழம் வருவதில்லை. ஒன்ராறியோவின் ஏரிகள் அத்தகையன அல்ல. சான்ட்பாங்ஸில் மணற்குன்றுகள் சில இடங்களில் நீருக்குள்ளும் சரிந்து இறங்குகின்றன. முழங்காலளவு நீரில் நின்ற பிள்ளை இரண்டடி எடுத்து வைத்தால் காலடியில் நிலம் இராது. உப்புநீரைப்போல நன்னீர் உடலைத் தாங்குவதுமில்லை. கரையிலிருந்து வீசும் காற்றோ, காற்றடைத்த மிதவையைப் பிள்ளையோடு சேர்த்துத் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும்.

கட்டணம் வாங்கும் அரசாங்கப் பூங்காவாயிற்றே, காவலர் இருப்பார் என்று பலர் நம்புகின்றனர். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர்கள் நிறுத்தப்படுவதில்லை. நால்வர் சமைக்க, நால்வர் முந்நூற்றிநாலு ஆட, பிள்ளைகளை வேறு யாரோ பார்ப்பதாக எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். நீரில் மூழ்குபவர் கூவியழைப்பதும் அரிது. மூச்செடுக்கவே போராடுபவருக்குக் குரல் ஏது? பல பூங்காக்களில் மிதப்பு அங்கிகளை இரவலாகவே தருகின்றனர். கேட்டு வாங்க எம்மவர் ஏனோ கூசுகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது நீச்சற் பயிற்சி. இங்குள்ள பாடசாலைகள் பலவற்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிர்தப்பும் அளவுக்கு மூன்று காரியங்களைப் பழக்குகின்றனர்: ஆழநீரில் உருண்டு விழுந்து மேலெழுதல், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். இதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்டுக் கடிதம் வரும். மகனின் கடிதத்தில் உடனே கையெழுத்து விழுகிறது. மகளின் கடிதம் இழுப்பறைக்குள் போகிறது. சளி பிடிக்கும் என்பது சொல்லும் காரணம். நீச்சலுடை என்பது சொல்லாத காரணம்.

கீரிமலையில் பெண்களுக்கெனத் தனிக் கேணி இருந்ததை நாம் மறந்துவிட்டோமா? இங்கும் கையும் காலும் மூடிய நீச்சலுடைகள் கடைகளில் கிடைக்கின்றன. நகரசபையின் நீச்சல் தடாகங்கள் சிலவற்றில் பெண்களுக்கு மட்டுமென நேரம் ஒதுக்கியிருக்கின்றனர். விசாரித்துப் பார்க்கலாம்.

ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடஞ் சொன்ன நானும் ஒரு கடிதத்தை இழுப்பறையில் வைத்தவன்தான். சென்ற கோடையில் என் பேரப்பிள்ளை மிதவையோடு சற்றே விலகிப் போனான். என் மகள் முழங்காலளவு நீரில் நின்று கூவினாள். அதற்கு அப்பால் அவளால் போக முடியவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் நீந்திச் சென்று பிள்ளையைக் கரைசேர்த்தார். மகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை.